ராமுலு மூன்று முறை ஊதினார்

பேருந்து கண்ணில் படுவதற்கு முன்பே அதன் சத்தம் வந்துவிட்டது. ஒலிபெருக்கியில் நாதஸ்வரம், அதற்கு மேல் பெண்களின் சிரிப்பு, அதற்கும் மேல் காற்று ஹாரன். பல்லடம் தாண்டி காங்கேயம் போகும் சாலையில், தென்னந்தோப்பு முடிந்து வெயில் பளீரென்று கொட்டும் இடத்தில் காவல்துறையின் இரும்புத் தடுப்புகள் நின்றன. அவற்றின் நடுவே உதவி ஆய்வாளர் லோகப்பிரியா கையை உயர்த்தினாள்.

அவளுக்கு இருபத்தாறு வயது. ஒரு வாகனச் சோதனையைத் தனியாகப் பொறுப்பேற்று நடத்துவது இதுதான் முதல் தடவை. முந்தைய முகூர்த்த நாளில், இரவெல்லாம் குடித்துவிட்டு விடிந்ததும் தெளிந்துவிட்டதாக நம்பிய ஒரு ஓட்டுநர், கல்யாண வேனை வாய்க்காலில் இறக்கிவிட்டார். அதனால் இனி முகூர்த்த நாட்களில் காலையிலேயே சோதிக்க வேண்டும் என்று உத்தரவு. ஏழு மணியிலிருந்து பதினோரு வண்டிகள் வந்துபோயிருந்தன. பதினோரு பேர் ஊதியும் சைபர். மூச்சில் மதுவை அளக்கும் புதுக் கருவி அவள் உள்ளங்கையில் கனமாக, சும்மாவே இருந்தது. பன்னிரண்டாவதாகத்தான் இந்தப் பேருந்து.

ஓட்டுநர் இறங்கினார். காக்கிச் சட்டை, நெற்றியில் ஒற்றை நாமம், ஐம்பது தாண்டிய வயது. பெயர் ராமுலு, போத்தனூர்க்காரர்.

"வணக்கமுங்க. மாப்பிள்ளை ஊட்டுப் பஸ்ஸுங்க. ஒம்பதரைக்குக் காங்கேயத்துல முகூர்த்தமுங்க" என்றார்.

"ஒரே நிமிசந்தானுங்க. இதுல ஊதிப்போட்டுக் கிளம்பிருங்க" என்றாள் லோகப்பிரியா.

காவலர் நாகூர் மீரான் உறை பிரிக்காத ஊதுகுழாய் ஒன்றை எடுத்து, ராமுலுவின் கண்ணெதிரிலேயே பிரித்துக் கருவியில் செருகினார். லோகப்பிரியா முதலில் வெறும் காற்றை எடுத்துக் காட்டினாள். சைபர். கருவி சுத்தமாக இருக்கிறது என்பதை ஓட்டுநர் பார்க்க வேண்டும், அது முறை.

"காலையில ஏதாவது குடிச்சீங்களா?"

"பல்லடம் பேக்கரியில ஒரு டீ. அவ்வளவுதானுங்க."

ராமுலு மூச்சை இழுத்து ஊதினார். கருவி நீளமாகக் கூவி நின்றது. திரையில் எண் வந்தது.

அறுபத்து நான்கு.

நூறு மில்லி இரத்தத்தில் முப்பது மில்லிகிராம் வரைதான் சட்டம் பொறுக்கும். அதைத் தாண்டினால் வழக்கு, நீதிமன்றம், உரிமம் நிறுத்தம். அறுபத்து நான்கு என்றால் இருமடங்குக்கும் மேல். அவள் திரையை ராமுலுவின் பக்கம் திருப்பினாள். அவர் அதைப் பார்த்தார். பிறகு, வேறு யாருடைய எண்ணோ என்பதுபோலத் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"நான் தொட்டதே இல்லீங்க அம்மணி. முப்பத்தொரு வருச சர்வீசுங்க. லைசென்ஸ்ல ஒரு கீறல் கிடையாதுங்க."

அதற்குள் பேருந்தின் சன்னல்கள் எல்லாவற்றிலும் தலைகள். பட்டுவேட்டியோடு மாப்பிள்ளை நிதீஷ் குதித்து இறங்கினான். அவனுக்குப் பின்னால் அவன் அத்தை நாச்சியம்மாள், மாம்பழ நிறப் பட்டுச்சேலையும் தோளில் மஞ்சப்பையுமாக இறங்கினாள். கடைசியாக, நிதானமாக, தம்பிதுரை. அவர்தான் அருமைக்காரர். ஐயருக்குப் பதிலாகக் கொங்குக் கல்யாணத்தை முன்னின்று நடத்துகிறவர். அவர் போய்ச் சேராமல் தாலி ஏறாது.

"ராமுலு குடிக்கறதா? அதெல்லாம் மிசின் கோளாறுங்க. எங்க அப்பன் காலத்துல இருந்து எங்க ஊட்டு விசேசத்துக்கெல்லாம் இவருதான் வண்டி" என்றாள் நாச்சியம்மாள்.

"கோளாறா இல்லையான்னு பாக்கறதுக்கும் முறை இருக்குதுங்க" என்றாள் லோகப்பிரியா. பயிற்சிக் கல்லூரியின் கரும்பலகையில் ஆசிரியர் அடிக்கோடிட்ட வரி அவள் கண்ணில் நின்றது. இரத்தத்தில் இருப்பது வேறு, வாயில் ஒட்டியிருப்பது வேறு. வாயில் இருப்பது கால்மணி நேரத்தில் போய்விடும், இரத்தத்தில் இருப்பது அவ்வளவு சுலபத்தில் போகாது. "பதினஞ்சு நிமிசம் இவரு இங்கயே நிக்கோணும். எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது, பீடி கூடாது. அப்புறம் மறுபடி ஊதட்டும். அப்பவும் முப்பதுக்கு மேல வந்தா வழக்குப் போட்டே ஆகோணும். பஸ்ஸும் நகராது."

"பதினஞ்சு நிமிசமா" என்று பேருந்துக்குள்ளிருந்து ஐம்பது பேர் ஒன்றாகச் சொன்னார்கள்.

"முகூர்த்தம் பத்தேகால் வரைக்கும் இருக்குது. இங்கிருந்து முக்கால் மணி நேரம். நிக்கட்டும்" என்றார் தம்பிதுரை, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

"மாப்பிள்ளையையும் அருமைக்காரரையும் வேணா எங்க ஜீப்புல அனுப்பி வெக்கறனுங்க" என்றாள் லோகப்பிரியா.

நாச்சியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏனுங்க அம்மணி, மாப்பிள்ளை போலீஸ் ஜீப்புல போயி இறங்குனா, பொண்ணு ஊட்டுக்காரங்க ஆரத்தித் தட்டக் கொண்டாருவாங்களா, வக்கீலக் கூட்டிட்டு வருவாங்களா?"

நாகூர் மீரான் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

ராமுலு புளியமர நிழலில் போய் நின்றார். எட்டு இருபத்து மூன்று. லோகப்பிரியா நேரத்தைக் குறித்துக்கொண்டாள். அவளுக்குள் இரண்டு பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். முதல் பொறுப்பில் முதல் ஆளைப் பிடித்துவிட்டோம் என்று துள்ளுகிறவள் ஒருத்தி. அந்த மனிதர் திரும்பிப் பார்த்த விதத்தையே நினைத்துக்கொண்டிருப்பவள் இன்னொருத்தி. கடிகார முள் இருவரையும் கண்டுகொள்ளாமல் நகர்ந்தது.

"அண்ணா, அவரு மேல ஒரு கண்ணு வெச்சுக்குங்க" என்று நாகூர் மீரானிடம் சொல்லிவிட்டு, அவள் அடுத்து வந்த லாரியை நிறுத்தினாள். சைபர். அதற்குப் பின்னால் ஒரு கார். சைபர். நிதீஷ் கைப்பேசியை நீட்டிக்கொண்டு வந்தான். "பொண்ணோட அப்பா உங்ககிட்டப் பேசோணுமாங்க." வாங்கிப் பேசினாள். அந்தப் பக்கம் மண்டபத்தில் மேளம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா நான்கு தடவை மன்னிப்புக் கேட்டார், எதற்கென்று அவருக்கும் தெரியவில்லை, இவளுக்கும் தெரியவில்லை.

எட்டு முப்பத்தெட்டு. பேருந்திலிருந்து பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். எல்லோரும் கருவியைச் சுற்றி வட்டம் கட்டினார்கள். லோகப்பிரியா புதுக் குழாய் செருகினாள். வெறும் காற்று, சைபர். ராமுலு மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஊதினார்.

நூற்றுப் பதினெட்டு.

நாதஸ்வரத்தை யாரோ உள்ளே நிறுத்தினார்கள். இதுவரை மிசின் கோளாறு என்று சொன்னவர்களின் கண்கள் ராமுலுவின் காலிலிருந்து மேலே ஏறி வந்தன, தள்ளாடுகிறாரா என்று பார்ப்பதைப்போல. வட்டத்தின் பின்வரிசையில் ஒரு பெண் தன் குழந்தையைப் பேருந்துப் படியிலிருந்து இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ராமுலு அதைப் பார்த்துவிட்டார்.

"தேவுடா" என்று தெலுங்கில் கடவுளைக் கூப்பிட்டார் மெதுவாக. பிறகு லோகப்பிரியாவிடம், உண்மையாகவே விடை தெரிந்துகொள்ள விரும்பியவரைப்போலக் கேட்டார். "அம்மணி, எனக்கே தெரியாம நான் குடிச்சுப்போட்டிருப்பனுங்களா?"

நாகூர் மீரான் வழக்குப் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். லோகப்பிரியா பேனா மூடியைக் கழற்றினாள். பெயர் என்ற இடத்தில் 'ரா' என்று எழுதினாள். அங்கேயே பேனா நின்றது.

அறுபத்து நான்கு நூற்றுப் பதினெட்டாக ஆகியிருக்கிறது. ஒரு மனிதன் மரத்தடியில் சும்மா நிற்கிறான். அவன் இரத்தத்தில் இருக்கும் சாராயம் கால்மணி நேரத்தில் எப்படி ஏறக்குறைய இரட்டிப்பாகும்? குறையலாம், அப்படியே நிற்கலாம், கொஞ்சம் ஏறலாம். இப்படித் தாவாது. நடுவில் எதுவோ அவர் வாய்க்குள் போயிருக்கிறது. பிடித்த ஆள் தப்பிப்போகிறார் என்ற ஏமாற்றம் அவளுக்குத் துளிகூட இல்லை, மாறாக ஒரு பூட்டு திறக்கப்போகிறது என்ற பரபரப்பு.

"ராமுலண்ணா, மரத்தடியில நிக்கறப்ப வாயில என்ன போட்டீங்க?"

"சத்தியமா ஒண்ணும் இல்லீங்க. நீங்க வேண்டாம்னீங்க, தண்ணிகூடத் தொடலீங்க. மருந்து மட்டுந்தானுங்க."

"மருந்தா?"

"வயித்துக்குங்க. அது சாப்பாட்டுலயும் சேராது, குடிக்கறதுலயும் சேராதுங்களே."

வட்டம் முழுவதும் திரும்பி நாச்சியம்மாளைப் பார்த்தது. அவள் மஞ்சப்பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு குடுத்தாங்க?"

"நாந்தான் குடுத்தேன்" என்றாள் நாச்சியம்மாள், குரலைக் கொஞ்சமும் இறக்காமல். "பேக்கரியில டீ குடிச்சதும் வயிறு மந்தமா இருக்குதுன்னாரு. கிளம்பறப்ப ரெண்டு மூடி ஊத்திக் குடுத்தேன். இங்க வந்து பயத்துல மூஞ்சி வெளுத்துப் போயி நிக்கறாரு, பாத்துட்டுச் சும்மா இருக்கவா முடியும்? அதான் இப்பக் கொஞ்சம் முன்னாடி இன்னும் ரெண்டு மூடி."

"அண்ணா, நீங்க பாக்கலீங்களா?" என்று லோகப்பிரியா காவலரைக் கேட்டாள்.

நாகூர் மீரான் தொப்பியைச் சரிசெய்தார். "நாலஞ்சு அம்மாங்க சுத்தி நின்னு மறைச்சுட்டாங்க மேடம். நகருங்கன்னேன். நகர்றமுங்க, நகர்றமுங்கன்னு சொல்லிட்டே நின்னாங்க."

"நீங்க ஏன் வாங்கிக் குடிச்சீங்க?" என்று ராமுலுவைக் கேட்டாள்.

அவர் தலை குனிந்தார். "முதத் தடவையே வயிறு சரியாப் போச்சுங்க. ஆனா மாப்பிள்ளையோட அத்தை தன் கையால ஊத்திக் குடுக்கறாங்க. எப்படிங்க வேண்டாங்கறது?"

லோகப்பிரியா கையை நீட்டினாள். மஞ்சப்பையிலிருந்து பழுப்பு நிறப் புட்டி ஒன்று வெளியே வந்தது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அரிஷ்டம். வீட்டுக்கு வீடு அலமாரியில் நிற்கும் அதே புட்டி. அவள் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூலிகைகளின் பட்டியல், அளவு, தேதி. எல்லாவற்றுக்கும் கீழே, கடுகு அளவு எழுத்தில் ஒரு வரி. அதை அவள் சத்தமாகப் படித்தாள்.

"தானாக உண்டாகும் ஆல்கஹால், ஐந்து முதல் பத்து சதவீதம் வரை."

"அப்படின்னா?" என்றாள் நாச்சியம்மாள்.

"பீர்ல இருக்கற அளவுங்க அத்தை" என்றான் நிதீஷ். உடனே, அது தனக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று தம்பிதுரையை ஓரக்கண்ணால் பார்த்தான்.

நாச்சியம்மாள் புட்டியைப் பார்த்தாள், கருவியைப் பார்த்தாள். "எங்க பெரியவன் பொறந்ததுல இருந்து தினமும் ராத்திரி ரெண்டு மூடி. இருபத்தெட்டு வருசம். அப்ப நான் இருபத்தெட்டு வருசமாக் குடிச்சுட்டா இருக்கறேன்?"

"அப்படி இல்லீங்கம்மா. உள்ள போறது ரொம்பக் கொஞ்சம். வாயில ஒட்டிக்கிட்டு நிக்கறதத்தான் கருவி பாத்துப் பயப்படுது."

"நீங்க சொல்றீங்க. நாளைக்கு உங்க மேலதிகாரி கேட்டா, கெழவி சொன்னா, நான் நம்பிட்டேன்னு சொல்லுவீங்களா?"

கேள்வி நேராக வந்து இறங்கியது. உண்மைதான். இரண்டு எண்களும் கருவியின் நினைவில் பதிந்துவிட்டன, அழிக்க முடியாது. ஒரு புட்டியையும் ஒரு அத்தையையும் நம்பி ஐம்பது பேரை அனுப்பிவிட்டு, அந்த மனிதர் உண்மையிலேயே குடித்திருந்தால்? முறைப்படி மூன்றாம் தடவை பார்த்தே தீர வேண்டும். அதற்கும் பதினைந்து நிமிடம்.

"மறுபடி நிக்கோணுமுங்க" என்றாள்.

"நிக்கட்டும். அவரு கூட நானும் நிக்கறேன்" என்ற நாச்சியம்மாள், புட்டியைத் திரும்ப வாங்கி, யாரும் எதுவும் சொல்வதற்குள் மூடி நிறைய ஊற்றி ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை விழுங்கினாள். உதட்டைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப எனக்கொரு குழாய் போடுங்க தம்பி. இந்தக் கருமம் எத்தன காட்டுதுன்னு பாத்துப்போடலாம்."

லோகப்பிரியா ஒரு கணம் தயங்கினாள். கருவி விளையாட்டுப் பொருள் அல்ல. ஆனால் இதே புட்டி, இதே அளவு, இதே கருவி. இந்த மருந்து என்ன எண் காட்டும், அந்த எண் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கண்ணெதிரே தெரிந்துவிடும். அறிக்கையில் எழுத இதைவிடத் தெளிவான ஆதாரம் கிடைக்காது. அவள் நாகூர் மீரானைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் ஒரு குழாயை உறை பிரித்தார்.

நாச்சியம்மாள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். மூக்குத்தி மின்ன, கன்னம் இரண்டும் உப்ப, அடுப்பு ஊதிப் பழகிய மூச்சால் ஊதினாள். கருவி கூவி நின்றது.

தொண்ணூற்றாறு.

பேருந்தில் எழுந்த சத்தத்தில் புளியமரத்துக் காகங்கள் கலைந்தன. "அத்தை மப்பு" என்று ஒருவன் கத்தினான். "அவங்கள ஜீப்புல ஏத்துங்க மேடம்" என்றான் இன்னொருவன். நாச்சியம்மாள் அந்தத் திசையில் ஒரு பார்வை பார்த்தாள். சத்தம் அடங்கியது.

எட்டு நாற்பத்தாறு. இந்த முறை லோகப்பிரியா எதையும் யாரிடமும் விடவில்லை. இருவரையும் நல்ல தண்ணீரில் வாய் கொப்புளித்துத் துப்பச் சொன்னாள். ஜீப்பின் பின்னிருக்கையில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தாள். கதவுக்கு முன்னால் தானே நின்றுகொண்டாள். யாரோ வெற்றிலைத் தட்டோடு வந்தார்கள், திருப்பி அனுப்பினாள். யாரோ இளநீர் வெட்டிக்கொண்டு வந்தார்கள், அதையும் அனுப்பினாள். ஒரு பாட்டில் பன்னீரோடு வந்த பெண்ணைக் கையெடுத்துக் கும்பிட்டே தடுத்தாள்.

"வந்தவங்களுக்கு ஒண்ணும் குடுக்காமத் திருப்பி அனுப்பறது நல்லாவா இருக்குது?" என்றாள் நாச்சியம்மாள் உள்ளேயிருந்து.

"இன்னும் பத்து நிமிசத்துக்கு நல்லா இருக்குமுங்க" என்றாள் லோகப்பிரியா.

ராமுலு முழங்காலில் வைத்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குழந்தையின் தாய் பேருந்தில் மறுபடி ஏறாமல் சாலையோரத்திலேயே நின்றாள். அவரது பார்வை அடிக்கடி அங்கே போய் வந்தது. நிதீஷின் கைப்பேசி மூன்று தடவை அடித்தது. தம்பிதுரை கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஒன்பது ஒன்று.

நாச்சியம்மாள் முதலில் ஊதினாள். லோகப்பிரியா எண்ணைச் சொன்னாள். "ரெண்டு."

தொண்ணூற்றாறு இரண்டாகிவிட்டது. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. ஆனால் அது அத்தையின் எண். இன்னும் ராமுலு இருக்கிறார். புதுக் குழாய், வெறும் காற்று, சைபர். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். மூச்சு தீர்ந்த பிறகும் ஊதுவதுபோலவே நின்றார். லோகப்பிரியா திரையைப் பார்த்தாள். தன் முகத்தில் தானாக விரிந்த சிரிப்பை, சீருடைக்கு ஏற்றபடி அடக்க அவளால் முடியவில்லை.

"மூணு."

"பாஸா பெயிலா?" என்று ஒருவர் கேட்டார்.

"முப்பதுக்கு மேல போனாத்தானுங்க தப்பு. இது மூணு. இவரு குடிக்கல."

நாதஸ்வரம் ஒரே குதியாகத் திரும்ப ஆரம்பித்தது. எல்லோரும் பேருந்தை நோக்கி ஓடினார்கள், மாப்பிள்ளை வேட்டி தடுக்கி விழப்போய்த் தம்பிதுரையின் தோளைப் பிடித்துக்கொண்டான். ஒரு நிமிடத்தில், கதவருகே குழந்தையோடு நின்ற அந்தத் தாயைத் தவிர, எல்லோரும் உள்ளே. ஓட்டுநர் இருக்கை மட்டும் காலி.

ராமுலு ஜீப்பின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"போகலாமுங்க" என்றாள் லோகப்பிரியா.

"அம்மணி, இன்னொரு பத்து நிமிசம் நிக்கட்டுங்களா?"

"எதுக்குங்க?"

"சைபர் ஆகிடுமில்லீங்களா. எம் பேருக்கு நேரா மூணுன்னு இருக்க வேண்டாமுங்க. முப்பத்தொரு வருசமுங்க."

பேருந்திலிருந்து ஐம்பது குரல்கள் அவரை அழைத்தன, கெஞ்சின, திட்டின. நிதீஷ் சன்னல் வழியாகத் தலைக்கு மேல் கைகூப்பினான். "ஏனுங்க ராமுலு, தாலி கட்டிட்டு வந்து ஊதிக்கலாம், வாங்க" என்றாள் நாச்சியம்மாள். அவர் அசையவில்லை. லோகப்பிரியாவின் முகத்தை மட்டும் பார்த்தார்.

அவளுக்குப் புரிந்தது. கருவி அவரை விட்டுவிட்டது, அவர் தன்னை விடவில்லை. அவள் 'ரா' என்று எழுதியிருந்த வழக்குப் படிவத்தை எடுத்து, அவர் பார்க்கும்படி குறுக்கே கோடு போட்டு, ரத்து என்று எழுதிக் கையெழுத்திட்டாள். பிறகு கருவியிலிருந்து சின்னச் சின்னதாக அச்சாகி வந்த ராமுலுவின் மூன்று சீட்டுகளையும் பதிவேட்டில் வரிசையாக ஒட்டினாள். அவற்றுக்குக் கீழே, பேருந்துக்குள் யாரோ ஹாரனை அலறவிட, அவசரப்படாமல் எழுதினாள். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினாள்.

"ஓட்டுநர் ராமுலு மது அருந்தவில்லை. முதல் இரண்டு அளவுகளும் வயிற்றுக்காகக் கொடுக்கப்பட்ட அரிஷ்டத்தால் வந்தவை. முதல் சோதனையின்போது மருந்து பற்றிக் கேட்காதது என் தவறு. லோகப்பிரியா, உதவி ஆய்வாளர்."

"உங்க பேருல தப்புன்னு எழுதிப்போட்டீங்களே அம்மணி" என்றார் ராமுலு.

"எனக்கு இன்னும் முப்பத்தொரு வருசம் இருக்குதுங்க. ஒண்ணு தாங்கும். கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க."

அவர் பேனாவை வாங்கி, மூன்று என்ற எண்ணுக்கு நேராக, தெலுங்கிலும் இல்லாமல் தமிழிலும் இல்லாமல் ஏதோ ஒரு கோடாகக் கையெழுத்திட்டார். பிறகு நடந்தார். பாதியிலேயே நடை ஓட்டமானது. பேருந்துக் கதவருகே ஒரு கணம் நின்றார். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த பெண் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, அவருக்கு முன்னால் படியேறி, ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் முதல் இருக்கையிலேயே உட்கார்ந்தாள்.

எஞ்சின் உறுமியது. நாகூர் மீரான் தடுப்பை இழுத்து வழிவிட்டார். பேருந்து வெயிலுக்குள் பாய்ந்தது.